பேசக் கூடாது என்றார் டாக்டர்

பிப்ரவரி 11

அன்புள்ள பல்லிக்கு,

அக்கா எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ரிப்பேருக்குப் போன லிஃப்ட் குழிக்குள்ளேயே சுவரோடு ஒட்டிக் குடியிருக்கிறாயா? இங்கே உன் அத்தான் சௌக்கியம். நானும் ஏறக்குறைய சௌக்கியம்.

தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறியிருப்பாய். பதறாதே. ஃபோனில் பேச முடியாததால்தான் எழுதுகிறேன். குரல் கம்மிக்கொண்டே வருகிறது என்று போன மாதம் சொன்னேன் அல்லவா? தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒரு சின்னத் தடிப்பு. போன வாரம் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். எல்லோருக்கும் அனுப்புவதுதானாம்.

"பேசக் கூடாதும்மா. கிசுகிசுக்கவும் கூடாது. கிசுகிசுக்கிறதுதான் இன்னும் மோசம்" என்றார் டாக்டர். எத்தனை நாளைக்கு என்று உன் அத்தான் கேட்டார். "நான் சொல்ற வரைக்கும்."

வீட்டில் ஒரே கூத்துதான். கழுத்தில் ஒரு குட்டிச் சிலேட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். 'உப்பு' என்று எழுதிக் காட்டினால் உன் அத்தான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, பிரசங்க மேடையில் நிற்கிற குரலில் "உப்பு" என்று வாசிக்கிறார். அதற்குள் சாப்பாடு ஆறிவிடுகிறது.

சபையில் நிலைமை இதைவிட வேடிக்கை. பாட்டுக்குழுவைக் கீபோர்டு வாசிக்கிற தபால்காரரிடம் ஒப்படைத்துவிட்டேன். பெண்கள் கூட்டத்தில் யார் ஜெபிப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். போதகர் மனைவி இருக்கும்போது நமக்கென்ன என்று இத்தனை வருடம் இருந்துவிட்டார்கள், பாவம்.

மெசேஜ் அனுப்பேன் என்பாய். கட்டைவிரலால் தட்டினால் எனக்குப் பேசின மாதிரியே இல்லை. நீயும் தாளில் எழுது. நீ இங்கே வந்து மூன்று வருடமாகிறது. வா என்று நான் சொல்லமாட்டேன். சொல்லத்தான் கூடாதே.

உன் வாயில்லா அக்கா


பிப்ரவரி 24

வாயில்லா அக்காவுக்கு,

பல்லி நலம். முதுகுவலி மட்டும் என்னைவிட நலமாக இருக்கிறது. நீ பேசாமல் இருக்கிறாய் என்பதை நம்பவே எனக்கு நேரம் பிடித்தது. உடம்பைப் பார்த்துக்கொள். பரிசோதனை முடிவு வந்ததும் எழுது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நல்லவேளை, நீ குறுக்கே பேச முடியாது.

போன வாரம் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மா. கணக்கு டீச்சராம். என் கூட வேலை செய்கிற குண்டன், பிரேக்கைக் கையால் விடுவிக்க மொட்டைமாடி மெஷின் ரூமுக்குப் படியேறிப் போனான். அவன் உடம்புக்கு அது பெரிய யாத்திரை. அதுவரைக்கும் எனக்குக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேச்சுக்கொடுக்கிற வேலை. அவர்களுக்கு அடைத்த இடம் ஆகாதாம். மூச்சு இரைக்கிறது வெளியே கேட்டது.

"தம்பி, உங்களுக்கு ஜெபிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள்.

"லிஃப்ட் ரிப்பேர் பண்ணத்தான் தெரியும் டீச்சர்."

"ரெண்டையும் பண்ணுங்க."

அக்கா, அப்பாவின் அடக்க ஆராதனையில் அத்தான் 'தேவ சித்தம்' என்று சொன்னபோது எழுந்து வெளியே போனவன் நான். அதோடு எந்தச் சர்ச் வாசலையும் மிதிக்கவில்லை, உங்கள் வீட்டு வாசலையும் சேர்த்து. உன் ஜெபங்களில் ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவரலாம் என்று பார்த்தேன். ஒரு வரி வரவில்லை. உள்ளே அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்கள். நான் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, இந்த டீச்சர் பயப்படுறாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ கொஞ்சம் இங்க இரு" என்றேன். அவ்வளவுதான்.

கதவு தானாகத் திறக்கவில்லை. குண்டன் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் லிஃப்ட் இறங்கியது. ஆனால் அதற்கு முன்னாலேயே டீச்சர் அமைதியாகிவிட்டார்கள். நானும். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்றில்லாமல் அங்கே மூன்று பேர் இருப்பது போல இருந்தது. வெளியே வந்ததும் என் தோளில் ஒரு அடி போட்டுவிட்டுப் படியேறியே வீட்டுக்குப் போனார்கள்.

அதிலிருந்து எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. அவரிடம் இன்னும் பேச வேண்டும் போலிருக்கிறது. எப்படி என்று தெரியவில்லை. உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்? அவரை 'நீ' என்று வேறு சொல்லிவிட்டேன்.

பல்லி


மார்ச் 6

என் செல்லப் பல்லிக்கு,

நீ நன்றாக இருப்பாய், எனக்குத் தெரியும். உன் கடிதத்தை வாசித்துவிட்டு அழுதேன். சத்தம் வராமல் அழுவதற்கு இப்போது நல்ல பயிற்சி. அத்தானிடம் காட்டட்டுமா என்று உன்னைக் கேட்காமல் காட்டவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். காலையில் எழுந்ததும் முழங்கால் போடு. முதலில் துதி. பிறகு நன்றி. பிறகு பாவ அறிக்கை. உனக்கு வேண்டியதைக் கேட்பது கடைசியில்தான், எடுத்த எடுப்பில் கூடாது. தினமும் வேதத்தில் ஒரு அதிகாரமாவது வாசி. ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொண்டால் மனம் அலையாது. அப்புறம், ஆண்டவரை 'நீ' என்று சொல்லாதே. 'நீர்' என்று சொல். அப்பாவையே நாம் 'நீங்க' என்றுதானே கூப்பிட்டோம்? அவசரத்தில் வந்ததை அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். இனிமேல் பார்த்துக்கொள்.

தொண்டை ஆறி வருகிறது. சிலேட்டில் என் கையெழுத்து அழகாகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

முதுகுக்குத் தைலம் தடவு.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

தைலம் தடவினேன், முதுகு உன்னை விசாரித்தது. அத்தானுக்கும் என் கடிதத்தைக் காட்டு. கோபம் அவர் மேல் இப்போது அவ்வளவு இல்லை. ஆனால் அவர் அதை வைத்துப் பிரசங்கம் பண்ணக் கூடாது.

நீ சொன்ன வரிசையிலேயே செய்து பார்த்தேன். துதியில் வார்த்தை தீர்ந்தது. நன்றியில் முழங்கால் வலித்தது. பாவ அறிக்கையில் தூங்கிவிட்டேன். 'நீர்' என்று சொன்னதும் ஏதோ ஆபீசில் மனுவோடு வரிசையில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. எழுந்து வேலைக்குப் போனேன். லிஃப்ட் குழிக்குள் தண்டவாளத்துக்கு எண்ணெய் போடும்போது, "காலைல பண்ணினது சரியா வரலை, தெரியுமில்ல" என்றேன். சிரிப்பு வந்தது. அப்போதுதான் அவரோடு பேசின மாதிரி இருந்தது.

கணக்கு டீச்சர் தன்னுடைய சர்ச்சுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹால். கதவுப் பக்கத்தில் உட்கார்ந்தேன், ஓடுவதற்கு வசதியாக. ஓடவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. துதி, நன்றி எல்லாம் சபைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. சபையில்லாமல், அத்தானும் இல்லாமல், நீ மட்டும் இருக்கும்போது அவரிடம் என்ன பேசுவாய்? அதை எழுது. எனக்கு அதுதான் வேண்டும்.

பரிசோதனை முடிவைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே. வந்துவிட்டதா?

பல்லி


ஏப்ரல் 2

பல்லிக்கு,

சுகமாயிரு. நான் இருக்கிறேன்.

உன் கேள்விக்குப் பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதியது எல்லாம் அழகாக இருந்தது. கிழித்துவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன்.

நான் மட்டும் இருக்கும்போது அவரிடம் ஒன்றும் பேசுவதில்லை.

பெண்கள் கூட்டத்தில் ஜெபித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் தொண்டைக்கு வெந்நீர் குடிப்பேன், அடுப்பைப் பார்ப்பேன். தனியாக ஜெபித்ததே இல்லையா என்றால், உதடு அசைந்திருக்கிறது. ஆனால் அப்போதும் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிற நினைப்பு. அந்த யாரோ அவர் இல்லை, பல்லி. சபையார். "உங்க ஜெபத்தைக் கேட்டாலே மனசு ஆறிடுது" என்பார்களே, அவர்கள்.

இப்போது குரல் இல்லை. மற்றவர்கள் கேட்க வழியில்லை. கண்ணை மூடி உட்கார்ந்தால், கூட்டம் கலைந்து மைக்கையும் அணைத்துவிட்ட ஹால் மாதிரி இருக்கிறது. அவர் இங்கே இருக்கிறாரா என்று நான் இதுவரைக்கும் திரும்பிப் பார்த்ததே இல்லை என்று தோன்றுகிறது. பார்த்து, இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று இப்போதும் பயம்.

இதை உன் அத்தானிடம் சொல்லவில்லை. அவர் பாவம், வேறு கவலையில் இருக்கிறார். வாசலில் வண்டி வந்துவிட்டது, கூப்பிடுகிறார். டாக்டரைப் பார்க்கப் போகிறோம். மற்றது பிறகு.

அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கடிதத்தை மெஷின் ரூமில் வைத்து வாசித்தேன். குண்டன், "யார் கடுதாசி, முகம் இப்படி ஆயிடுச்சு?" என்றான். "எங்க அக்கா. அவளுக்கும் தெரியாதாம்" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வராந்தாவில் நின்று நீ ஜெபித்தாய். நர்ஸ்கள்கூட வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். உன் பக்கத்தில் கண்ணைத் திறந்தபடி நின்ற எனக்கு அன்றைக்கு உன் மேல் பொறாமை. இவளுக்கு மட்டும் அவர் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறாரே, எனக்குச் சுவர்தானே தெரிகிறது என்று. நான் சர்ச்சை விட்டதற்குக் காரணம் அப்பா மட்டும் இல்லை. அதுவும்தான். நீ ஒரு பெரிய வகுப்பில் இருக்கிறாய், நான் ஃபெயில் என்று நினைத்தேன்.

இப்போது நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. எனக்கு இதில் எவ்வளவு ஆறுதல் என்று உனக்குத் தெரியாது.

திரும்பிப் பார் அக்கா. லிஃப்ட் கதவில் நெற்றியை வைத்தவனுக்கு எந்தத் தகுதியும் இருக்கவில்லை. அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அத்தானுக்கு என்ன கவலை? பரிசோதனை முடிவு என்ன? கேட்டுக்கொண்டே இருக்கிறேன், நீ அதை மட்டும் தாண்டித் தாண்டிப் போகிறாய்.

பல்லி


மே 10

அக்காவுக்கு,

நலமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நேற்று வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அத்தான் எடுத்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் குரல். "தூங்குறா" என்றார். பட்டப்பகலில் நீ தூங்குகிறவளா? "நல்லா இருக்காளா?" என்று கேட்டேன். "இருக்கா தம்பி" என்றார். அவர் ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருந்தது. பிறகு வைத்துவிட்டார்.

ஒரு வார்த்தை எழுது. 'உப்பு' என்று எழுதினால்கூடப் போதும்.

பல்லி


மே 18

அன்புள்ள தம்பிக்கு,

கிருபையும் சமாதானமும் உனக்கு உண்டாகட்டும். அத்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் அக்காவுக்குத் தெரியாது.

மார்ச் தொடக்கத்திலேயே முடிவு வந்துவிட்டது. புற்றுநோய். தொண்டையில், ஆரம்ப நிலை. கதிர் சிகிச்சையில் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்கிறார்கள். ஏப்ரல் நடுவிலிருந்து தினமும் போய் வருகிறோம். இப்போது தொண்டை முழுவதும் வெந்துபோயிருக்கிறது. தண்ணீர் விழுங்கினாலே கண்ணில் நீர் வருகிறது. பேனா பிடிக்கிற தெம்புகூட இல்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். சிலேட்டில் எழுதினாள், அழித்து அழித்து எழுதினாள். "அவன் இப்போதுதான் ஆண்டவரிடம் வாய் திறந்திருக்கிறான். அப்பாவுக்கு நடந்த மாதிரி இன்னொன்று என்றால் மறுபடி மூடிக்கொள்வான். நான் சரியான பிறகு சொல்லலாம்." சரியாகாவிட்டால் என்று நான் கேட்கவில்லை. அவளும் எழுதவில்லை.

தம்பி, முப்பது வருடமாகப் பிறர் வீட்டுத் துக்கத்தில் போய் நின்றிருக்கிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். போன வாரம் சபைப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் தேவ சித்தம் பாஸ்டர்" என்றார். எழுந்து வெளியே போய்விட்டேன். வேப்பமரத்தடியில் நின்றபோது உன் ஞாபகம் வந்தது.

வாக்குக் கொடுத்ததை மீறியிருக்கிறேன். அவள் திட்டட்டும். திட்டினால் சந்தோஷப்படுவேன். நீ வா.

உன் அத்தான்


ஜூன் 5

அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வந்ததும் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். சூப் குடித்தாயா? அத்தான் செய்கிற சூப் என்றால் குடித்த மாதிரி நடி.

முகத்துக்கு நேராகச் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். என் நம்பிக்கையை நீ கண்ணாடிச் சாமான் மாதிரிப் பொத்தி வைக்க வேண்டாம். உடைகிறதாக இருந்தால் அது எனக்கு எதற்கு?

அத்தான் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். வழி நெடுக ஆண்டவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். "அப்பாவை எடுத்துக்கிட்ட. இப்ப அக்காவா? இதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டியா?" என் உதடு அசைகிறதைப் பார்த்து எதிர் சீட்டுக்காரர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

திட்டித் திட்டி ஓய்ந்தபோது ஒன்று புரிந்தது. அப்பா போனபோது நான் ஆண்டவரைத் திட்டவில்லை. ஆளில்லாத வீட்டைப் பூட்டுகிற மாதிரிப் பூட்டிவிட்டு வந்தேன். இந்தத் தடவை திட்டுவதற்கு எதிரே ஆள் இருந்தார். பதில் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

இன்னொன்று. நீ உள்ளே சிகிச்சையில் இருந்தபோது நானும் அத்தானும் வெளியே பெஞ்சில் இருந்தோம். "ஜெபிக்கலாமா?" என்றார். "நீங்க பண்ணுங்க" என்றேன். "எங்கள் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். "வரலை தம்பி" என்றார். "அப்ப சும்மா உட்கார்ந்திருப்போம் அத்தான்" என்றேன். உட்கார்ந்திருந்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை அவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது. நீ வெளியே வந்து எங்களைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாயே, அதற்கு இதுதான் பதில்.

உடம்பைத் தேற்றிக்கொள். அவசரமில்லை, முடிகிறபோது எழுது.

பல்லி


ஜூன் 28

அன்புள்ள பல்லிக்கு,

எழுந்து நடமாடுகிறேன். இன்று அரை டம்ளர் பால் வலியில்லாமல் இறங்கியது. இதைப் பத்திரிகையில் போட வேண்டும் என்கிறார் உன் அத்தான். சிகிச்சை முடிந்துவிட்டது. பலன் செப்டம்பரில் ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

உன்னிடம் மறைத்தது தப்பு. உன்னையும் நம்பவில்லை, அவரையும் நம்பவில்லை. நீயும் ஒரு காரியத்தைச் சொல்லியிருக்கிறாய், நானும் ஒன்று சொல்கிறேன்.

முதல் நாள் என்னைப் படுக்கவைத்து, வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் முகமூடியை முகத்தில் இழுத்து மேஜையோடு பூட்டினார்கள். தலை துளி அசையக் கூடாதாம். பிறகு எல்லோரும் வெளியே போய்க் கனமான கதவைச் சாத்திவிட்டார்கள். பழக்க தோஷம், மனத்துக்குள் "சர்வ வல்லமையுள்ள தேவனே, தேவரீர்" என்று தொடங்கினேன். மூக்கு அரித்தது. சொறிய முடியாது. அத்தனை அழகான வாக்கியமும் அந்த அரிப்பில் அடித்துக்கொண்டு போய்விட்டது. "மூக்கு அரிக்குது. பயமா இருக்கு. நீ எங்க இருக்க?" என்று கேட்டேன்.

'நீ' என்று கேட்டேன், பல்லி. உன்னைத் திருத்தியவள்.

குரல் ஒன்றும் கேட்கவில்லை. வெளிச்சம் எதுவும் தெரியவில்லை. ஆனால் வேண்டியவர் ஒருவர் அடுத்த அறையில் நடமாடும்போது, பார்க்காமலே வீடு காலியாக இல்லை என்று தெரியுமே, அப்படித் தெரிந்தது. இயேசு என்று நான் வாய் வலிக்கப் பாடிக்கொண்டிருந்த ஒருவர், நான் பாட முடியாத இடத்தில் இருந்தார். மூக்கு அரிப்பு நிற்கவில்லை.

மறுநாளும் கேட்டேன். எதுவும் தோன்றவில்லை. சில நாள் இருந்தார், சில நாள் இல்லாத மாதிரி இருந்தது. இல்லாத மாதிரி இருந்த நாளிலும் நான் பேசுவதை விடவில்லை. டாக்டர் தடை போட்டது வாய்க்குத்தானே. நர்ஸின் செருப்புச் சத்தம், உன் அத்தானின் சூப், ஸ்கேன் பயம் எல்லாம் சொல்கிறேன். அவருக்கு இவ்வளவு சில்லறை விஷயம் கேட்கப் பொறுமை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அக்கா


ஜூலை 22

அக்காவுக்கு,

நான் நலம். கணக்கு டீச்சரும் நலம், படியேறி ஏறி இளைத்துவிட்டார்கள். குண்டன்தான் அந்தப் பாக்கியம் கிடைத்தும் இளைக்கவில்லை.

இப்போதெல்லாம் ஹாலில் கதவை விட்டு ரொம்பத் தள்ளித்தான் உட்காருகிறேன். போன ஞாயிறு சிலுவையைப் பற்றிப் பேசினார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஆனால் அவரும் அங்கே தொங்கிக்கொண்டு பிதாவிடம் ஏன் என்று கேட்டார் என்பது இத்தனை வருடம் என் காதில் விழவே இல்லை. கேட்டவருக்கு உடனே பதில் வந்ததாகவும் இல்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது, அக்கா. ரயிலில் திட்டிக்கொண்டே வந்த என்னோடு உட்கார அவருக்குத்தான் தெரியும்.

கூட்டம் முடிந்து டீச்சர், "உங்க அக்கா பேரைச் சொல்லி எல்லாரும் ஜெபிக்கலாமா?" என்றார்கள். சரி என்றேன். உனக்காக, எனக்கே பேர் தெரியாத இத்தனை பேர் கண்ணை மூடினார்கள். நான் மட்டும் திறந்து பார்த்தேன். பழைய பழக்கம்.

ஸ்கேன் பயம் எனக்கும் இருக்கிறது. தினம் அவரிடம் குணமாக்கு என்றுதான் கேட்கிறேன், எடுத்த எடுப்பிலேயே. துதி, நன்றிக்கெல்லாம் பிறகு வருகிறேன். எது வந்தாலும் முதலில் எனக்கு எழுது. இந்தத் தடவை தாண்டிப் போகாதே.

பல்லி


செப்டம்பர் 16

அன்புள்ள என் தம்பிக்கு,

தாண்டிப் போகவில்லை, முதல் வரியிலேயே சொல்கிறேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இனி அவ்வப்போது போய்க் காட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். "இன்னைக்கு நல்ல செய்தி. இன்னைக்கு சந்தோஷமா வீட்டுக்குப் போங்க" என்றார் டாக்டர். அறையை விட்டு வெளியே வந்ததும் உன் அத்தான் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். நோயாளி யார் என்று போகிற வருகிறவர்களுக்குக் குழப்பம்.

பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள். குரல் வந்திருக்கிறது, ஆனால் அது என் குரல் இல்லை. எண்ணெய் காணாத கதவு மாதிரிக் கரகரக்கிறது. பாட்டு இனி இல்லை. டாக்டர் அதைச் சொன்னபோது இரண்டு நாள் ஆண்டவரோடு சண்டை போட்டேன். இப்போது சமாதானமாகிவிட்டோம், முழுவதும் என்று சொல்லமாட்டேன். அத்தானிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஏப்ரலில் உனக்கு எழுதியது உட்பட. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்கும் பாதி நாள் அப்படித்தான்" என்றார். இருபத்தைந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், பார்த்தாயா?

நேற்று முன்தினம் ஞாயிறு, சபைக்குப் போனேன். பாட்டுக்குழுவில் என் இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, நடு பெஞ்சில் எல்லோரோடும் உட்கார்ந்தேன். அங்கே நான் உட்கார்ந்ததே இல்லை. கீபோர்டு தொடங்கியது, சபை எழுந்து பாடியது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அப்போது அதற்குள்ளிருந்து ஒரு குரல் தனியாகக் கேட்டது. தாளம் ஒரு பக்கம், சுருதி ஒரு பக்கம். தபால்காரர் கீபோர்டில் எங்கே போனாலும் அது வேறு தெருவில் போய்க்கொண்டிருந்தது. யார் இது என்று தேடினேன். பீடத்தருகில், கண்ணை மூடி, முகமெல்லாம் சந்தோஷமாக உன் அத்தான் பாடிக்கொண்டிருந்தார்.

இத்தனை வருடமாக அப்படித்தான் பாடியிருக்கிறார், பல்லி. என் சத்தத்தில் எனக்குக் கேட்கவே இல்லை.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து, "கேக்குதா உனக்கு?" என்று ஆண்டவரிடம் கேட்டேன். இத்தனை வருடமும் அவர் அதைத் தினம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். நானும் ஆண்டவரும் பாட்டு முடிகிற வரைக்கும் சிரித்துக்கொண்டு நின்றோம்.

அக்கா